நான்காவது அமைச்சர்

தலைநகர் காஸ்ட்ரீஸ் வானொலி, பதினேழு இடங்களில் ஒன்பதாவதும் எதிர்க்கட்சிக்கே என்று சொன்னதும், ஹிலாரியன் வாழைக்காயும் உப்புமீனும் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். ஆட்சி போய்விட்டது.

“நீ சர்க்கார் டிரைவர்தானே? உன்னை யாரு தோக்கடிச்சா? சாப்பிடு,” என்றாள் மனைவி மார்சலின்.

“பின் சீட்ல பேசினதெல்லாம் என் காதுல இருக்கே. அது ஜெயிச்சவங்களுக்குத் தெரியாதா?”

பத்தொன்பது வருடத்தில் மூன்று அமைச்சர்களுக்குக் கார் ஓட்டியவர் அவர். கடைசி ஐந்து வருடம் தியோடோரா அகஸ்ட் அம்மையாருக்கு. போனில் அந்த அம்மாள் யாரையும் விட்டுவைத்ததில்லை. எதிர்க்கட்சி மாத்துரினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்குக் காது கூசும்.

மறுநாள் காலை, காரில் கிடந்த தன் செருப்பையும் குடையையும் எடுத்துப்போக அம்மையார் வந்தார்.

“ஹிலாரியன், நீ என் வீட்டு ஆள் மாதிரி. இந்தக் காருக்குள்ள நான் பேசினது...”

“எனக்கு ரோடுதான் தெரியும் மேடம்.”

அம்மையார் நம்பியதாகத் தெரியவில்லை. கதவைச் சாத்தினார், மறுபடி திறந்து அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு போய்விட்டார்.

அடுத்த வாரம் அம்மையாரின் துறைக்கு அமைச்சராக வந்தவர் அதே மாத்துரின். ஹிலாரியன் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேறு வண்டிக்கு மாற்றினால்கூடப் பரவாயில்லை. ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கையில் வீட்டுக்கே அனுப்பிவிட்டால்?

மூன்று நாள் புதியவர் பின் சீட்டில் கோப்புகளைப் படித்தபடியே வந்தார். நாலாம் நாள், டென்னரி ஊருக்குப் போகும் மலை வளைவில், பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்த அம்மா என்னைப் பத்தி என்ன சொல்லும்?”

நல்லதாக ஏதாவது ஒரு பொய் சொல்லிவிடலாம். மார்சலின் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அதை இன்னிக்கு உங்ககிட்ட சொன்னா, நாளைக்கு நீங்க பேசினதை வேற யார்கிட்டயாவது சொல்லுவேன் சார்.”

மாத்துரின் மடியிலிருந்த கோப்பை மறுபடி திறந்தார்.

இரண்டு வாரம் ஹிலாரியன் தினமும் காலையில் அலுவலகத்தில் தன் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டார். வரவில்லை. மாத்துரின் அவரை மாற்றவில்லை. ஆனால் போன் அடித்தால் போதும், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிவிடுவார். கொளுத்தும் வெயிலில் நெற்றியைத் துடைத்தபடி பேசி முடித்துவிட்டுத்தான் ஏறுவார். அப்படி அவர் நின்று பேசும்போதெல்லாம், தன்னைப் பற்றித்தான் பேசுகிறாரோ என்று ஹிலாரியனுக்கு இன்றும் ஒரு பதைப்பு.