தூதர் அம்மாவின் ஓட்டு

உலக நாடுகள் கூடும் சபைக்குள் ஒரு தூதர் ரப்பர் செருப்போடு போய் ஓட்டுப் போட்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தச் செருப்பு என்னுடையது. கோயில் வாசலில் தொலைந்தாலும் போகட்டும் என்று கார் டிக்கியில் போட்டு வைத்திருந்த நீலப் பட்டைச் செருப்பு.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு முருகன் கொடுத்த வேலை அது. நியூஜெர்சியில் குடியிருந்த தூதர் அம்மாவுக்கு நான் டிரைவர். அவருடைய தீவு உலகப் படத்தில் கடுகளவுகூட இருக்காது. ஆனாலும் அந்தச் சபையில் பெரிய நாட்டுக்கும் ஒரு ஓட்டு, அந்தத் தீவுக்கும் ஒரு ஓட்டு. எங்கோ நடந்த போரை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் வந்தபோதுதான் அதற்கு எவ்வளவு கிராக்கி என்று கண்டேன். தீர்மானத்தை எதிர்த்த ஒரு பெரிய நாட்டின் ஆட்கள் துறைமுகம் கட்டித் தருகிறோம் என்றார்கள். உதவியை நிறுத்திவிடுவோம் என்றும் அவர்களே சொன்னார்கள். கடைசியில் அம்மாவின் சொந்த நாட்டு மந்திரியே போன் செய்து, உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துவிடச் சொன்னார். போனை வைத்துவிட்டு அம்மா கார்க் கண்ணாடியில் என்னைப் பார்த்து, எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரியா இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறகு என்னிடமும் வந்தார்கள். நானும் என் குடும்பமும் பேஸ்மென்டில், தரைக்குக் கீழ்த்தளத்தில், குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கோயில் கமிட்டியில் இருந்த ஒரு அங்கிள். அந்தப் பெரிய நாட்டு ஆட்களோடு தொழில் பழக்கம் உள்ளவர். ஞாயிறு அபிஷேகம் முடிந்ததும் சன்னதி ஓரமாகத் தனியே கூப்பிட்டார்.

"நீ தப்பா ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. நாளைக்கு ஹைவேல திரும்ப வேண்டிய ஒரே ஒரு எக்ஸிட்டை மிஸ் பண்ணிடு, ப்ளீஸ். அவங்க லேட்டா போனா போதும். ஒரு ஓட்டுல சண்டை நிக்கவா போகுது?"

"முடியாது அங்கிள்."

"பேஸ்மென்ட்ல குடியிருந்துக்கிட்டு மாடியில நின்னு பேசுற."

மறுநாள் திங்கள். நல்ல காரியம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று பொய் சொல்லி, ஒன்பது தாண்டித்தான் காரை எடுத்தேன். ஜெர்சி சிட்டியில், சபை இருக்கும் அக்கரைக்கு ஆற்றுக்கு அடியில் போகிற டனலுக்கு முன்னால், வண்டிகள் அசையாமல் நின்றன. பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு. அங்கிளிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டதையே என் பக்தியால் செய்து முடித்திருந்தேன்.

தாங்கவில்லை. அங்கிள் கேட்டது, நான் பொய் சொன்னது எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் ராகு இப்போது போய்விட்டாரா என்று கேட்டார். போய்விட்டார் என்றேன். அப்படியானால் ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றார்.

பக்கத்துத் தெருவில் திருப்பி நிறுத்தினேன். அந்த ஹை ஹீல்ஸோடு ஓட முடியாது என்று என் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். மேலே கோட்டு, கையில் ஃபைல், காலில் என் செருப்பு. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காரை விட்டுவிட்டு நான் போக முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகா, முருகா என்று உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்கு, போனில் ஓடிக்கொண்டிருந்த சபை நேரலையில் ஓட்டுப் பலகையைக் காட்டினார்கள். அந்தத் தீவின் பெயருக்குப் பக்கத்தில், போரை நிறுத்தச் சம்மதம் என்கிற பச்சை விளக்கு எரிந்தது.

ஒரே மாதத்தில் அம்மாவை ஊருக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள். எங்களையும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார் அங்கிள். சாமான் ஏற்றும்போது வாசலில் வந்து நின்றார். போர் அதுவரை நிற்கவில்லை.

"பாத்தியா? அந்த ஒரு ஓட்டால என்ன ஆச்சு?"

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமே ஆகாத ஓட்டுக்காக சாமி முன்னாடி நின்னு என்கிட்ட ஏன் அங்கிள் கெஞ்சினீங்க?"

அவர் உள்ளே போய்விட்டார். இப்போது பார்சிப்பனி என்ற வேறு ஊரில் இருக்கிறோம். கோயில் மட்டும் அதேதான். கிருத்திகைக்கு அங்கிள் நிற்கிற வரிசையிலேயே போய் நிற்கிறேன், அவர் இருக்கிறார் என்று நான் விலகிப் போவதில்லை.