ஏசி ரூம் உத்தியோகம்

பன்றி இறைச்சிக்கூடத்தில் அவனைக் கட்டைவிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கிலியில் தொங்கி வரும் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுத்து, மேல்சவ்வை ஒரே இழுப்பில் உரிப்பது அவன் வேலை. வழவழவென்று இருந்தால் வெள்ளைப் பெட்டி. வெளிறிய புள்ளி விழுந்திருந்தால் சிவப்புப் பெட்டி, அது குப்பைக்கு. கையுறை மாட்டினால் சவ்வின் விளிம்பு பிடிபடாது என்று, இடக்கை உறையில் கட்டைவிரலை மட்டும் கத்தரித்து எறிந்துவிடுவான். மேஜையில் அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஆளில்லை.

அக்காவுக்கு அதில் பெருமை பிடிபடாது. ஆனால் வெளியே சொல்ல வாய் வராது. அவனை ஆளாக்கியவள் அவள். எதையும் ஒழுங்கு பிசகாமல் செய்கிறவள். அவனுடைய ரத்தக்கறை மேலங்கியைத் தனி வாளியில் அலசி, யார் கண்ணிலும் படாமல் குளியலறைக்குள்ளேயே உலர்த்துவாள். யாராவது கேட்டால், "தம்பி மேற்பார்வை பார்க்கிறான், ஏசி ரூம்ல" என்பாள். இறைச்சி வைக்கும் குளிரறையும் ஏசிதானே என்று தனக்குத்தானே சமாதானம்.

அவனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது காய்ச்சல் அடித்தது. கெண்டைக்கால் இரண்டும் தொட முடியாத வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். காய்ச்சல் எத்தனை, மாத்திரை எத்தனை மணிக்கு, சிறுநீர் எவ்வளவு என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்தாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "நர்ஸுங்ககூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்கம்மா. இவரு என்ன வேலை பார்க்கிறாரு?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கல்யாணப் பெண்ணின் அம்மா பழப்பையோடு நின்றிருந்தாள்.

"மேற்பார்வை, சார். ஆபீஸ் வேலை."

"ஆடு, மாடு, எலி, சாக்கடைத் தண்ணி... எதுலயாவது புழங்குவாரா?"

"சேச்சே! ஏசி ரூம் சார். சட்டை கசங்காது."

அவன் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து எழுதிவிட்டு டாக்டர் போனார்.

அன்று நோட்டில் சிறுநீர் எழுநூறு மில்லி. மறுநாள் முந்நூறு. மூன்றாம் நாள் நாற்பது. அவன் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, முகம் உப்பிப்போனது. டாக்டர் அவன் இடக்கையைத் தூக்கிக் கட்டைவிரலில் இருந்த வெட்டைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல என்னம்மா கத்தி?"

வராந்தாவுக்கு அவரைக் கூட்டிப்போய் அக்கா உண்மையைச் சொன்னாள்.

"எலிக்காய்ச்சல். எலிதான்னு இல்ல, பன்னி மூத்திரத்துலயும் அந்தக் கிருமி இருக்கும். வெட்டுக்காயம் வழியா உள்ள போயி கிட்னியில உட்கார்ந்துக்கும். முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே ஊசி போட்டிருப்பேன்." கோபப்படக்கூட இல்லை அவர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உயிர் தப்பியது. ஆனால் நான்கு மாதமாகியும் சிறுநீரகம் தேறவில்லை. வாரம் மூன்று நாள் ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ண வேண்டியதாயிற்று. தள்ளிப்போட்டிருந்த கல்யாணம் நின்றே போனது. பேச வந்த பெண்ணின் அம்மா வாசல்படி ஏறவில்லை.

"உங்ககிட்ட உண்மையை மறைச்சது தப்புதாங்க" என்றாள் அக்கா.

"எதை? பன்னி வெட்டுற வேலையையா? அது பேச்செடுக்கிறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியுமே! விசாரிக்காமலா பொண்ணு கொடுப்போம்? கைவேலைக்காரன், பொழச்சுக்குவான்னுதானே சம்மதிச்சோம். இப்பதான் அவர் கையால ஒண்ணும் ஆகாதே."

உள்ளே படுத்திருந்தவன் காதில் அத்தனையும் விழுந்தது.

மறுவாரம் மெஷின் அறையில் புது நர்ஸ் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். அக்கா நோட்டைத் திறந்து தயாராக இருந்தாள்.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"இறைச்சிக்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"மேற்பார்வைன்னு எழுதுங்க சிஸ்டர்" என்று அவன் குறுக்கே புகுந்தான். "ஏசி ரூம். சட்டை கசங்காது. வேணும்னா எங்க அக்காவைக் கேளுங்க."

நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான், பதிலுக்குக் காத்துக்கொண்டு.