திரும்பி வந்த நாற்காலிகள்

“நாற்பத்தொரு பேரும் எழுந்து நடந்துட்டாங்களா?” என்று அத்தை கேட்டாள்.

“விண்ணப்பத்துல அப்படித்தான் போட்டிருக்கு,” என்று அண்ணன் மகள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“யார் சொன்னது?”

“ஏஐ எழுதினது அத்தை. உங்க நோட்டைத்தான் உள்ளே கொடுத்தேன். சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தவங்க நாற்பத்தொரு பேர்னு இருந்துச்சு. குணமாகித்தான் கொடுத்திருப்பாங்கன்னு அதுவா நினைச்சுக்கிச்சு.”

“நீ என்ன நினைச்சே?”

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நாலு பேருக்குக் கால் சரியாச்சு. ஒரு சின்னப் பொண்ணு வளர்ந்துட்டா, பெரிய நாற்காலிக்கு மாறிட்டா. மீதி முப்பத்தாறு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. கெட்டிக்கார மெஷின்தான் போ. எமன் கையிலிருந்து முப்பத்தாறு பேரைப் பிடுங்கி நடக்க விட்டிருக்கு.”

அத்தை இருபது வருஷம் பஸ் பணிமனையில் மெக்கானிக். வேலையை விட்டபின், கடை வரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தாள். உடைந்த சக்கர நாற்காலிகளை வாங்கி, பேரிங் மாற்றி, கேட்டவர்களுக்கு இரவல் கொடுத்தாள். தெரு அவளை ‘ஸ்பானர்’ என்றது. நோட்டில் அவள் எழுதுவது இரண்டே தேதிகள்: நாற்காலி போன நாள், வந்த நாள். ஏன் வந்தது என்பது அவள் மண்டைக்குள் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை. அண்ணன் மகளும் கேட்கவில்லை.

கொட்டகைக்காரர் மாதக் கடைசியில் இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். ஓர் அறக்கட்டளையின் நிதி கிடைத்தால் வேறு இடம் பிடிக்கலாம். போன வருஷம் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் முடியாத விண்ணப்பத்தை, அண்ணன் மகள் இந்த முறை ஏஐயை வைத்து ஒரே மத்தியானத்தில் முடித்து அனுப்பியிருந்தாள். முதல் சுற்றில் தேறியும் விட்டது. “நாற்பத்தொரு பேர் நடந்தாங்கன்னு படிச்சதும் எங்க குழுவே அசந்துபோச்சு,” என்று அங்கிருந்து அதிகாரி போன் பண்ணினார். அதற்குப் பிறகுதான் அத்தை அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

“யார் வந்து எண்ணப் போறாங்க? பேசாம இரு,” என்றான் அண்ணன்.

“நீ செத்தா உன்னையும் நடக்க விடட்டுமா?”

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று அத்தை ஒவ்வொருவராகச் சொன்னாள், அண்ணன் மகள் தட்டினாள். பால்கனியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரியோடு கடைசி வரை சண்டை போட்ட தையல்காரி. தினமும் மகனைத் தள்ளச் சொல்லி, தான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளியின் வாசல்வரை போய் வந்த கணக்கு வாத்தியார். முப்பத்தாறு பேருக்கும் முப்பத்தாறு வரி. “இதை ஒழுங்குபடுத்து. ஒரு சொல்லும் கூட்டாதே,” என்று அண்ணன் மகள் ஏஐயிடம் எழுதினாள். இந்தத் தடவை அது சொன்னபடி கேட்டது.

திருத்திய விண்ணப்பத்தைப் படித்த அதிகாரி மறுபடி கூப்பிட்டார். “மேடம், சாவு நிறைய வருது. கொஞ்சம் நம்பிக்கையா மாத்தித் தாங்களேன்.”

அத்தை போனை வாங்கினாள். “படுக்கையில கிடந்து சுவத்தைப் பாத்துட்டுச் சாக வேண்டியவங்க, தெருவைப் பாத்துட்டு உக்காந்து செத்தாங்க சார். இதைவிட நம்பிக்கை எங்ககிட்ட ஸ்டாக் இல்லை.”

நிதி வரவில்லை. மாதக் கடைசியில் பத்தொன்பது நாற்காலிகளும் அத்தையின் கூடத்துக்கு இடம் மாறின. அண்ணன்தான் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தள்ளி வந்தான். சோபாவுக்கு இடமில்லாமல் அதை விற்றாயிற்று. டிவி பார்க்க ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அத்தை அண்ணன் மகளைக் கூப்பிட்டாள்.

“அடுத்த வருஷமும் அவங்களுக்கே அனுப்பு. இதே பக்கத்தை. புதுசா செத்தவங்களை மட்டும் சேர்த்துக்கோ.”