பக்கத்து மரத்தை எடுத்தவர்

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது மைதீன் பாயின் மகள் நஸ்ரீனின் போன் வந்தது. "ஆன்ட்டி, வாப்பா போயிட்டாங்க. காலையில நாஷ்டா பண்ணிட்டு சும்மா ஒக்காந்திருந்தாங்க, அப்டியே போயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம்" என்றாள். நான் ஏதோ கேட்டேன், அவள் ஏதோ சொன்னாள். வாழைப்பூவை வாங்காமலேயே டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனேன்.

நம் செம்பூர் காலனியின் பெரியவர்களுக்கு மைதீன் பாயை அறிமுகப்படுத்த வேண்டாம். நம் ஹாலின் கதவுகளும் பெஞ்சுகளும் அவர் கை பட்டவை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கடையநல்லூரிலிருந்து வந்து தாராவியில் மரப்பட்டறை நடத்தியவர். என்னைவிட மூன்று வயது சின்னவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அங்கிருக்கும் மரச்சாமானைத் தட்டிப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரரைப் பார்ப்பார். என் சாப்பாட்டு மேஜையைத் தட்டிவிட்டு, "தேக்குன்னா குடுத்தான்? நல்லா ஏமாத்திருக்கான்க்கா" என்றார். இன்றைக்கும் அந்த மேஜையில்தான் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் நான் ஏமாந்தது நினைவுக்கு வருகிறது, அதற்கும் அவர்தான் காரணம்.

கர்ஜத் பக்கத்தில் ஒரு மராட்டி நண்பரின் நிலத்தில் நாம் கூட்டாகத் தேக்கு நட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மரம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று பாயையும் சேர்த்துக்கொண்டோம். அங்கேதான் நம் காலனி மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பிள்ளையின் பெயர் வைத்துத் தகடு கட்டினோம். நான் இரண்டு கன்று நட்டேன். ஒன்று என் மகள் வித்யாவுக்கு, ஒன்று அதற்கு முந்தைய வருடம் காய்ச்சலில் போய்விட்ட என் மகன் ரகுவுக்கு. அவனுக்கு ஏழு வயது. ரகுவின் கன்றுக்குப் பக்கத்தில் பாய் தன் நான்கு வயது மகள் நஸ்ரீன் பெயரில் ஒன்று நட்டார்.

ஐந்தாம் ஆண்டில் பாய் வந்து, மரங்களைக் கலைத்து விட வேண்டும் என்றார். நெருக்கமாக வளர்ந்தவற்றில் சிலதை வெட்டி மற்றவற்றுக்கு இடம் கொடுப்பதற்கு அவர் வைத்திருந்த சொல் அது. ஹாலில் கூட்டம் போட்டோம். யார் பிள்ளையின் மரத்தை வெட்டுவது? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தவள் நான்தான். "எம் பிள்ளை பேரை வெட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். அதற்கு மேல் அந்த ஹாலில் யார் என்ன பேச முடியும்? கூட்டம் காபியோடு முடிந்தது. என் துக்கத்தை வைத்து ஊர் வாயை அடைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது.

பாய் என்னோடு வாதாடவில்லை. ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொன்னார். இரம்பம் போடும் சத்தத்துக்கு நடுவில் இரண்டு தேக்கு வில்லைகளை என் முன் வைத்தார். அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வருமே, அந்த வட்டத் துண்டுகள். இரண்டும் ஒரே வயது மரம் என்றார். ஒன்று தோசைக்கல் அகலம், மற்றது சாஸர் அளவு. சின்னதில் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. பெரியதில் உள்ளே ஐந்தாறு வளையங்கள் நெருக்கமாக இருந்து, அடுத்தது சட்டென்று விரிந்திருந்தது. அந்த வளையத்தில் விரலை வைத்தார்.

"இந்த வருசந்தான் பக்கத்து மரத்த எடுத்திருக்கான். வெட்டுனவன் செத்துருப்பான், மரம் மறக்கல பாத்தீயளா?"

அப்படியானால் முதலிலேயே தள்ளித் தள்ளி நட்டிருக்கலாமே என்று மடக்கினேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருடம் கேள்வி கேட்டே பழகியவள். அவர் சிரித்தார். தனியாக நின்றால் கிளை பரப்பிக்கொண்டு குட்டையாக நிற்குமாம். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருந்தால்தான் வெயிலைத் தேடி நேராக மேலே போகும். "மொதல்ல நெருக்கம் வேணும், பெறவு எடம் வேணும். எப்பங்கிறதுலதான் இருக்கு எல்லாம்" என்றார். வெட்டாமல் விட்டால் மொத்த மரம் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் அத்தனையும் கம்பாகப் போய்விடும், கதவுக்கு ஆகாது என்றும் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் மசியவில்லை.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. எட்டாம் ஆண்டில் போய்ப் பார்த்தபோது தோப்புக்குள் நடக்கவே இருட்டாக இருந்தது. மரங்கள் எல்லாம் நெடுநெடுவென்று ஒல்லியாக நின்றன. அப்போதைய செயலாளர் வெங்கட்ராமன் பயந்துபோய், ஓடைப் பக்கப் பாதியில் மூன்றுக்கு இரண்டு மரங்களை ஒரே மூச்சில் வெட்டச் சொன்னார். விட்டதைப் பிடிக்கிறாராம். பாய் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாள் ஒன்றையொன்று தாங்கி நின்றவற்றை ஒரே நாளில் தனியாக விட்டால் காற்றுக்கு நிற்காது என்றார். சாலைப் பக்கப் பாதியை மட்டும் தன்னிடம் விடச் சொன்னார். ரகுவின் மரம் அந்தப் பாதியில் இருந்தது.

அங்கே மூன்றுக்கு ஒன்றுதான் வெட்டுவது என்று வைத்துக்கொண்டார். ஒரு நீலச் சாக்கட்டியோடு ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துச் சுற்றி வந்தார். வளைந்தது, மெலிந்தது, தலை அமுங்கியது, இவற்றுக்குத்தான் கோடு. ரகுவின் மரம் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. நான் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன். பாய் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், பக்கத்து மரத்தில் கோடு போட்டார். எனக்கு உயிர் வந்தது. எந்த மரத்தில் போட்டார் என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு பார்த்தபோதும், பாய் கணக்கில்லாமல் வெட்டுவாரா, அதில் ஏதாவது பூச்சி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஓடைப் பக்கம் பாதி மரங்கள் சாய்ந்தன. நின்றவற்றின் உடம்பெல்லாம் திடீர் வெயிலில் சிறு கிளைகள் வெடித்து, பலகை அறுத்தால் முடிச்சு முடிச்சாக வரும் நிலை. சாலைப் பக்கம் நிதானமாகப் பருத்தது. பாய் வெங்கட்ராமனை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. "லேட்டா வெட்டுனா கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும் சார்" என்று மட்டும் சொன்னார். கடைசி இரண்டு வருடங்களாக, மரங்கள் மறுபடி நெருக்கிவிட்டன, இன்னொரு முறை கலைக்க வேண்டும் என்று என்னிடம் ஆரம்பிப்பார். "ஒங்கள்ட்ட ஒண்ணு பேசணும்க்கா" என்பார். பிறகு டீயைக் குடித்துவிட்டு வேறு எதையாவது பேசிவிட்டுப் போய்விடுவார். என்ன பேச வருகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டதில்லை.

அன்று தாராவியில், ஆண்கள் அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்களோடு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தேன். நஸ்ரீன் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இரண்டு பலகை கோத்து மடக்கும் ஒரு சின்னத் தாங்கி. முடித்துவிட்டு, நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "இது என்னோட மரம் ஆன்ட்டி. கர்ஜத்ல வெட்டினதுல வாப்பா செஞ்சது" என்றாள்.

கையில் வாங்கிப் பார்த்தேன். பூச்சி இல்லை, முடிச்சு இல்லை, இழை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. இந்த மரத்தை ஏன் வெட்டினார் என்று அவளிடம் கேட்டேன்.

"நானும் சின்னதுல அழுது கேட்டிருக்கேன் ஆன்ட்டி. 'ஒண்ணு போனாத்தான் ஒண்ணு நிக்கும். எம் மவ வீட்ல இருக்கா, அக்காவுக்கு மரந்தான இருக்கு'ன்னாங்க."

நான் அங்கேயே அழுதேன். பாய்க்காக அழுகிறேன் என்று மற்ற பெண்கள் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதுவும் உண்மைதான். கிளம்பும்போது நஸ்ரீனிடம் அவருடைய நீலச் சாக்கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் நாம் சிலர் கர்ஜத் போனோம். நஸ்ரீனும் வந்தாள். எந்தெந்த மரத்தை எடுப்பது என்று வெட்ட வந்தவர்கள் கேட்டபோது, இந்தத் தடவை நானே கோடு போடுகிறேன் என்றேன். வளைந்தது, மெலிந்தது, தலை அமுங்கியது. முதல் கோட்டை ரகுவின் மரத்தில் போட்டேன். மறுபக்கம் நின்ற வித்யா மரத்தின் தலையை அது நெருக்கிக்கொண்டிருந்தது, அண்ணாந்து பார்த்த யாருக்கும் தெரியும். தகட்டை அவிழ்த்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

அடிமரத்திலிருந்து ஒரு வில்லை அறுத்துக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் செம்பூர் வந்து சேர்ந்தேன். இப்போது அந்த ஏமாந்த மேஜையின் மேல் இருக்கிறது. நடுவிலிருந்து எண்ணினால் எட்டு வளையங்கள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன. ஒன்பதாவது விரற்கடை அகலம். நஸ்ரீன் மரத்தை எடுத்ததற்கு அடுத்த வருடம் அது. மைதீன் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வளையம்தான்.