தேதி போட்டு வைத்த பதினைந்து வரிகள்

தனிமனிதர்களுக்கு இணையதளம் செய்து தரும் தொழிலில், வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'எது சுலபம்?' என்பதுதான், எதற்காக என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். சித்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் எனக்கு ஓர் அறை. வேணுகோபால் ஐயா அங்கேதான் வந்தார். மாங்கூழ் ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பெயரைத் தட்டினால் தன் பக்கம் வர வேண்டும், அதில் தினமும் ஒரு வரி தானே எழுத வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

இலவசம்

காசு கேட்காத ஒரு சேவையில் முதலில் செய்து கொடுத்தேன். மறுநாளே வந்து போனை நீட்டினார். 'பங்காருபாளையத்தில் தோத்தாபுரி மாங்காய் வரத்து குறைவு. நலம்' என்று அவர் எழுதிய வரிக்கு மேலே ஒரு கல்யாணத் தகவல் நிலையத்தின் விளம்பரம். உங்கள் சாதியிலேயே வரன் என்றது. இலவசமென்றால் எது வரும் என்பது நம் கையில் இல்லை ஐயா என்றேன்.

"எம் பொண்ணு வேற சாதியில கட்டிக்கினு குவைத்துக்குப் போய்ட்டா தம்பி. பேசி ஆறு வருஷம் ஆச்சு. இதைப் பாத்தா, கெழவன் இன்னும் குத்திக் காட்றான்னு நெனைப்பா."

பதில் பெட்டி

கட்டணச் சேவைக்கு மாற்றினேன். விளம்பரம் போயிற்று. வாசிப்பவர் பதில் எழுதுவதற்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னார். இருந்தால்தானே மகள் ஏதாவது எழுதுவார் என்றேன்.

"எழுதலைன்னா? இப்போ பெட்டி இல்ல, அதனால எழுதலைன்னு இருந்துக்குவேன். பெட்டிய வெச்சிட்டு அது வெறுமனே கெடந்தா, நான் எதைச் சொல்லிக்கறது?"

ஒருவர்

எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. நம் வாடிக்கையாளர்கள் மனம் உடைவது அதைப் பார்த்துத்தான். நான்கு மாதம் அவரும் நானும் மட்டுமே அதில் இருந்தோம். ஐந்தாம் மாதம் குவைத்திலிருந்து ஒருவர். மறுநாளும் ஒருவர். பிறகு தினமும்.

குவைத்தில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர், அவர்கள் கண்ணிலும் படும்படி செய்யலாம், அதற்கும் கருவி இருக்கிறது என்றேன்.

"நாலு பேர் வந்தா அதுல அவ எதுன்னு எப்படித் தம்பி தெரியும்?"

தேதி

திருப்பதியில் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பத்து நாளாவது படுக்கை. வரி விட்டுப்போகுமே என்று வந்தார். இப்போதே எழுதித் தேதி போட்டு வைத்தால் அந்தந்த நாளில் தானாக வெளிவரும் வசதியை நான்தான் காட்டினேன். பதினைந்து நாளுக்கு எழுதினார். ஒரு நாள் எழுதிய சாப்பாடு மறுநாள் வராமல் பார்த்துக்கொண்டார். எல்லாம் 'நலம்' என்று முடிந்தன. ஆஸ்பத்திரி என்றே எழுதலாமே என்றேன்.

"எழுதினா லீவு போட்டுக்கினு ஓடி வருவா. வந்து, நான் படுத்துக்கினு கெடக்கறதையா பாக்கணும்? எழுந்து உக்காந்த பிறகு நானே போன் போடறேன்."

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கூட இருந்த மகன் ரமேஷ்தான் எனக்குப் போனில் சொன்னான். பக்கத்தைத் திறந்தேன். 'வெயில் அதிகம். நலம்.' குவைத்: ஒருவர்.

இன்னும் பன்னிரண்டு வரிகள் வரிசையில் இருக்கின்றன, உன் அக்கா தினமும் படிக்கிறார், விஷயத்தைப் போட்டுவிடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. வீட்டார் சம்மதமில்லாமல் ஒருவர் பக்கத்தில் கைவைப்பதில்லை என்று தொழிலில் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். நீங்களும் வைத்திருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாளும் பார்த்துக்கொண்டு இருந்தேன். ரமேஷ் சொன்னது இவ்வளவுதான்:

"வொத்து அண்ணா, ஒண்ணும் போட வேணாம். அந்தப் பேரை எங்க வூட்ல எடுக்கறதில்ல. நைனா வெச்சிட்டுப் போனது அப்படியே ஓடட்டும்."

பதின்மூன்றாம் வரி

வரிகள் தீர்ந்து மூன்று நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். ரேணிகுண்டாவில் விமானம் இறங்கி, வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக என் அறைக்கு. செய்தவர் பெயரும் நம்பரும் பக்கத்தின் அடியில் இருக்குமே. தேதி போட்டு வைத்ததைச் சொன்னேன். கடவுச்சொல் என்னிடம் இருந்ததையும் சொன்னேன். அவர் தன் போனில் வரிகளைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினார். 'இன்று வடை. ஒன்று அதிகமாகிவிட்டது. நலம்.'

"பதினோராம் நாள் காரியத்தன்னிக்கு வந்தது சார் இது. இந்த வயசுல எதுக்கு நைனா இவ்ளோ துன்றாருன்னு நான் சிரிச்சிக்கினு இருந்தேன்."

இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குத் தேதி போட்டு வைக்கும் வசதியை மட்டும் நான் காட்டுவதில்லை. இரண்டே நாளில் அவர்களே கண்டுபிடித்து, இவ்வளவு சுலபமானதை ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள்.