கமிட் ஆன பையனும் கழற்றிவிடப்பட்ட கோச்சும்

1. பெட்ரோல் பங்கில் வந்த போன்

மெல்பர்ன் புறநகர் கிளேட்டனில் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது என் முதலாளி டேரன் கூப்பிட்டார். அவருக்கு எல்லாரும் "மேட்", அதாவது நண்பன்.

"மேட், நம்ம கோச்சை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ஏதோ விடுமுறை என்று நினைத்து, "எப்ப திரும்பி வர்றார்?" என்று கேட்டேன்.

"வரமாட்டார். டிலக்‌ஷன் வீட்ல நியூஸ் பார்க்கறதுக்கு முன்னாடி நீ போய்ப் பேசிடு. இது க்ரைசிஸ் இல்ல, ஆப்பர்ச்சூனிட்டின்னு சொல்லு."

டேரன் வாழ்க்கையில் க்ரைசிஸ் என்று ஒன்று வந்ததே கிடையாது. எல்லாமே ஆப்பர்ச்சூனிட்டிதான். ஆனால் அதைப் பெற்றவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். என் பதவிக்குப் பெயர் பேமிலி லியேசன். டேரன் அவித்துப் போடுவதைத் தமிழில் தாளித்துப் பரிமாறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுவதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் புட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளும் ஆட்டம். பெயரில் மட்டும்தான் கால் இருக்கிறது, பந்து பெரும்பாலும் கையிலேயே போகும். ஒரே ஒருவன் அவ்வப்போது உள்ளே வந்து பந்தை வானம் பார்க்க உதைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான். அவன்தான் பன்ட்டர். மெல்பர்ன் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கிறவர்கள். எனவே இங்கே பன்ட்டர்களைப் பொறுக்கி, வீடியோ வெட்டி, அங்கிருக்கும் கோச்சுகளுக்கு அனுப்பி வைக்க எங்களைப் போன்ற கம்பெனிகள் முளைத்தன. கோச்சுக்குப் பிடித்தால் ஸ்காலர்ஷிப். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரி செலவு.

ஒரு பையனின் நான்கு வருட வாழ்க்கை ஒரு கோச்சுக்குப் பிடிப்பதில் தொங்குகிறது. அந்த கோச்சை யாருக்காவது பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் கம்பெனியின் பளபளப்பான பிரசுரத்தில் ஒரு வரி கிடையாது.

2. பன்ட்டர் என்றால் யார்?

டிலக்‌ஷன் கிளேட்டன் பையன். அம்மா றெஜினா, அப்பா அன்ரன், இருவரும் இலங்கையில் மன்னார்க்காரர்கள். றெஜினா அக்கா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அன்ரன் அண்ணன் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கிறவர்.

முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போய், "உங்க பையன் நல்ல பன்ட்டர்ண்ணே, அமெரிக்காவுல சீட் கிடைக்கும்," என்றேன். அன்ரன் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது.

"பன்ட்டரோ? குதிரையில காசு கட்டுறவனோ? எப்பயடா தொடங்கினனீ?" என்று மகன் பக்கம் திரும்பினார்.

ஆஸ்திரேலியாவில் பன்ட்டர் என்றால் அதுதானே அர்த்தம்! பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் விளக்கம் சொல்லி முடித்ததும் அண்ணன், "உதைக்கிறதுக்கு யூனிவர்சிட்டி சீட்டோ?" என்று கேட்டார். பின்னாளில் யோசித்தால், அவர் முதலில் புரிந்துகொண்டதுதான் சரியோ என்று தோன்றுகிறது. குதிரைப் பந்தயத்தில் குறைந்தபட்சம் குதிரையையாவது கண்ணால் பார்க்கலாம்.

பிறகு ஓர் அமெரிக்கக் கல்லூரியின் கோச்சே மெல்பர்ன் வந்தார். டேரன் போனில் சொன்னது இவரைத்தான். ஆறரை அடி மனுஷன். சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. றெஜினா அக்கா இடியப்பமும் சொதியும் நண்டுக்கறியும் வைத்தார். நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் கோச் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவே உடைத்துக் கொடுத்தார். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றுவிட்டு, "மாம், டில் இனிமே என் பிள்ளை. நம்ம டீம் ஒரு குடும்பம்," என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"டில்லோ? அதார்?" என்றார் அக்கா.

"நம்ம டிலக்‌ஷன்தான்க்கா. அவர் வாயில அவ்வளவுதான் நுழையுது."

இந்த ஊரில் டில் என்றால் மடையன். டேரன் அன்று இருமல் வந்ததுபோல வெளியே எழுந்து போனது அதற்காகத்தான்.

அந்த வாரமே பையன் அந்தக் கல்லூரிக்கு "கமிட்" ஆனான். வேறு இரண்டு கல்லூரிகள் கேட்டதை மறுத்துவிட்டுத்தான். கமிட் என்பது வாய்ச்சொல். காகிதம் பிறகுதான் வரும். இதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அக்காவுக்கு ஏறவில்லை. "விளங்குது தம்பி, நிச்சயம் பண்ணியாச்சு, கலியாணம் பிறகு," என்றார். பூசை முடிந்து சர்ச் மண்டபத்தில் பார்ட்டி வைத்தார். சிட்னியில் கிரவீன் பக்கம் இருக்கிற அவர் தங்கை குடும்பம் காரோட்டிக்கொண்டு வந்தது. கேக் செய்து கொடுத்த அன்ரி அமெரிக்கப் பந்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை போல. மேசையில் இருந்தது அசல் பப்பாளிப்பழம். அந்தப் பப்பாளியோடு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

3. துக்க வீட்டில் சம்பந்தம்

கோச் செய்தது இதுதான். ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தள்ளாடிய ஒரு பையனை, டீம் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறார். பையன் மைதானத்திலேயே சரிந்து விழுந்தான். அதன்பிறகு, "அவன் விளையாடலாம்னுதான் நான் சொன்னேன்" என்று மாற்றிச் சொல்லும்படி டாக்டரை நெருக்கியிருக்கிறார். டாக்டர் மாற்றாமல் பேப்பர்காரர்களிடம் போய்விட்டார். கல்லூரி, "எங்கள் விழுமியங்கள்" என்று ஓர் அறிக்கை விட்டுக் கையைக் கழுவியது.

அதற்கப்புறம் நடந்த கூத்தைத்தான் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கோச் விழுந்தால் அவர் சேர்த்து வைத்த பையன்கள் எல்லாரும் சந்தைக்கு வந்துவிடுவார்கள். அன்று மதியத்திலிருந்தே மற்ற கல்லூரிகளின் ஆட்கள் எங்கள் ஆபீசுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி: முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேள்விப்பட்டோம், மனசே சரியில்லை." அடுத்த மூச்சில், "அவங்க பார்த்து வெச்ச முட்டுற பசங்க, லைன்மேன், யாராவது ஃப்ரீயா?" துக்க வீட்டு வாசலில் நின்று சம்பந்தம் பேசுகிற ஜென்மங்கள். ஆனால் பன்ட்டரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு டீமுக்கு ஒரு பன்ட்டர் போதும், எல்லார் வீட்டிலும் அந்த நாற்காலி நிரம்பிவிட்டது. டிலக்‌ஷன் மறுத்த இரண்டு இடங்களும் எப்போதோ போய்விட்டன.

இதில் உச்சம், வேலை போன கோச்சே டேரனைக் கூப்பிட்டதுதான். "கொஞ்ச நாள் பொறுங்க, வேற இடத்துல இறங்கிடுவேன். டில்லை எனக்காக வெச்சிருங்க," என்றாராம். மடையனை எடுத்து வைக்க நாங்கள் என்ன பிரிட்ஜா வைத்திருக்கிறோம்!

கடைசியில் அந்தக் கல்லூரியிலேயே இருந்த அசிஸ்டென்ட் கோச்சைத் தற்காலிகமாகத் தலைமையில் உட்கார வைத்தார்கள். அவர் செய்தி அனுப்பினார்: ஆபர் அப்படியே இருக்கிறது, ஆனால் இந்த வாரமே பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு பையன்.

ஆக, போனால் அந்தக் கல்லூரி. இல்லையென்றால் அமெரிக்காவே இல்லை.

4. சனிக்கிழமை ஜூம்

செய்தியை நான் அன்றே போய்ச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை நானும் டேரனும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அக்கா பின்வாங்குவார், நாம் தேற்ற வேண்டும் என்று டேரன் காரிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். தேவையே இருக்கவில்லை.

"பிழை செய்தவனைக் கலைச்சுப் போட்டினம்தானே? பிறகென்ன?" என்றார் அக்கா. "மண்டபம் எடுத்து எல்லாருக்கும் சொல்லிப் போட்டன் தம்பி. இனி இல்லையெண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

"இட்ஸ் ஃபைன், மம். ஐ ஸ்டில் வான்னா கோ," என்றான் பையன். பாவம், கண்ணெல்லாம் ஆசை. நான்கு வருடமாக மழையிலும் குளிரிலும் தனியாக மைதானத்தில் உதைத்தவன். எனக்கே அவன் போக வேண்டும் என்றுதான் இருந்தது.

சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்தோம். திரையில் புதிய கோச், பக்கத்தில் ரெக்ரூட்டிங், அதாவது ஆள் பிடிக்கும் வேலை, பார்க்கும் ஒரு பெண். கோச் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். அக்கவுண்டபிலிட்டி. டிரான்ஸ்பரன்சி. ஹீலிங். எங்க கல்ச்சரையே அடியோட மாத்தப் போறோம். நான் கல்ச்சரைப் பண்பாடு என்று மொழிபெயர்க்க, அக்கா என் காதருகே வந்து, "டான்ஸ் கிளாசோ?" என்று கேட்டார்.

அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பையன் தலையாட்டிவிட்டான். டேரன் மேசைக்கு அடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கோச், "வெல்கம் ஹோம், டில்," என்றார். எல்லாரும் கையசைக்கத் தொடங்கினோம்.

அப்போது அக்கா, நம் சனம் போனை வைப்பதற்கு முன் வழக்கமாகக் கேட்பதுபோல, ஒரு சாதாரணக் குரலில் கேட்டார்.

"தம்பி, அந்த அடிபட்ட பிள்ளைக்கு இப்ப எப்பிடியெண்டு கேளுங்கோ. எழும்பி நடக்கிறானோ?"

மொழிபெயர்த்தேன். திரையில் சிரிப்பு அப்படியே நின்றது. கோச் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் கீழே பார்த்தார்.

"சட்ட ஆலோசனைப்படி தனிப்பட்ட மாணவரைப் பத்தி நாங்க பேச முடியாது, மாம்."

அக்காவுக்கு அது புரியவில்லை. வேண்டுமென்று மடக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. "சட்டமோ? சுகமோ எண்டுதானே கேட்டனான். சரி, பேரையெண்டாலும் சொல்லச் சொல்லுங்கோ. நாளைக்குப் பூசையில அந்தப் பிள்ளைக்காகச் செபிப்பம்."

பேர் உலகத்துப் பேப்பரில் எல்லாம் வந்திருந்தது. கோச் அதையும் சொல்ல முடியாது என்றார்.

டிலக்‌ஷன் நிமிர்ந்தான். அடிபட்டவனின் பேரை அவன் சொன்னான். தான் கமிட் ஆன அன்று முதலில் வாழ்த்து அனுப்பியது அவன்தான் என்றும் சொன்னான். பிறகு, "யாராவது போய்ப் பார்த்தீங்களா, கோச்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"போகணும்தான். இந்த வாரம் பூரா ரெக்ரூட்டிங்லயே போயிடுச்சு, டில்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த மனுஷனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பக்கத்திலிருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐ'ம் நாட் கோயிங், மம்," என்றான் பையன்.

அக்கா அவனையே பார்த்தார். அந்த முகத்தில் மண்டபம், தங்கை, கேக் எல்லாம் ஓடியதை நான் பார்த்தேன். பிறகு என்னிடம், "தம்பி, அவையளுக்கு நன்றி சொல்லிப் போட்டு மூடுங்கோ," என்றார்.

மூடினேன். அண்ணன் எழுந்து தேநீருக்குக் கேத்தலைப் போட்டு, "டிலக், ரீ குடிக்கிறியா?" என்றார். பையன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். அக்காவும் அழுதார். "வெக்கத்துக்கு அழேல்ல தம்பி. அவன் ஆசைப்பட்டவன்," என்றார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது.

5. கம்பெனி கற்ற பாடம்

டிலக்‌ஷன் இப்போது கிளேட்டனிலேயே என்ஜினியரிங் படிக்கிறான். சனிக்கிழமைகளில் உள்ளூர் கிளப்புக்கு ஆடுகிறான். அக்காவே சர்ச்சில், "நிச்சயம் முறிஞ்சு போச்சு, நாங்கள்தான் வேண்டாமெண்டனாங்கள்," என்று எல்லாருக்கும் சொன்னார். ஒரு மாதம் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், பிறகு வேறு யாரோ வீடு வாங்கினார்கள், பேச்சு அங்கே போய்விட்டது. அந்தக் கல்லூரியின் இடம் காலியாக இருந்திருக்கும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். அன்று மாலைக்குள் எங்கள் கம்பெனியே வேறொரு பையனைக் கொடுத்துவிட்டது.

சில மாதங்களில் நான் அங்கிருந்து விலகினேன். இப்போது பிள்ளைகளை அனுப்பும் வேலையை வேறொரு இடத்தில், வேறு மாதிரி செய்ய முயல்கிறேன். எந்த கோச் வந்தாலும், போன வருடம் அடிபட்ட பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள். எனக்கு நேரம் மிச்சம்.

என் பாடம் இது. கம்பெனி கற்ற பாடம் வேறு. அன்று அவர்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது, டேரன் ரேடியோவை அணைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக் காரோட்டினார். அவருக்கும் மனது கலங்கிவிட்டது போலும் என்று நான் நினைத்தேன். சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தார்.

"மேட், இனிமே எந்தப் பேரன்ட் இதைக் கேட்டாலும் நம்மகிட்ட பதில் ரெடியா இருக்கணும். 'அவன் நல்லா தேறிட்டு வர்றான், கேட்டதுக்கு நன்றி.' கோச்சுங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துடு."

"நெஜமாவே தேறிட்டு வர்றானா?" என்று கேட்டேன்.

சிக்னல் பச்சையானது.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் டேரன்.