ஒன்றரை நிமிட வரவேற்புரை

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். தர்மபுரிக்கும் காரிமங்கலத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் கல்லூரி. நானும் அங்கேதான் வரலாறு எடுக்கிறேன். மே மாதம் அடுத்த வருடத்துக்கான ஆர்டர் கைக்கு வரும்வரை எங்களில் யாருக்கும் வேலை நிச்சயமில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. ஆனாலும் சுகுணாவைப் பற்றி யாராவது சொல்லத்தான் வேண்டும். அவளாகச் சொல்லமாட்டாள். சொல்ல அவளுக்குத் தொண்டை கிடையாது.

நிஜத் தொண்டையைத்தான் சொல்கிறேன். வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே எண்பது பிள்ளைகள், மேலே கடகடக்கிற மின்விசிறிகள். இவற்றுக்கு மேல் குரலை ஏற்றிப் பதினோரு வருடமாக இலக்கணமும் இலக்கியமும் நடத்தியவள் அவள். டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே மதியம் அவளுக்கு இரண்டு வகுப்பு இருந்தது. வெந்நீர் ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஊர் பாப்பாரப்பட்டி. அங்கிருந்து ஒரு பஸ்ஸில் தர்மபுரி வந்து, இன்னொரு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவாள். இரண்டாவது பஸ்ஸில் நானும் சேர்ந்துகொள்வேன். எனக்கு இடம் பிடித்துப் பையை வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். கணவர் கோவிந்தன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்ததும் அவரும் தூங்குவார். "எங்க வூட்ல ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருந்து ரொம்ப நாளாச்சு சசி" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் போன வருடம் தமிழ்ப் பாடத்திட்டத்தில் பாட்காஸ்ட் வந்தது. மாணவர்கள் ஒருவரைப் பேட்டி எடுத்து, பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, பத்து நிமிட நிகழ்ச்சியாகத் தரவேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. துறைத்தலைவர் திருமால் சார் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பார்வை வழக்கம்போலச் சுகுணாவிடம் வந்து நின்றது. "நீங்கதான் மேடம் சின்னவங்க, டெக்னாலஜி எல்லாம் உங்களுக்குத்தான் வரும்" என்றார். சின்னவளுக்கு அப்போது முப்பத்தொன்பது.

பஸ்ஸில் தூக்கம் போயிற்று. போனில் வீடியோ பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். ஹெட்செட்டின் ஒரு முனை அவள் காதில், இன்னொன்று என் காதில். இரைச்சலை எப்படிக் குறைப்பது, இரண்டு குரலை எப்படிச் சமப்படுத்துவது, இசையை எப்படி மெல்ல இறக்குவது என்று காலையில் எட்டரைக்குக் கற்றுக்கொண்டதைப் பதினோரு மணிக்கு வகுப்பில் நடத்துவாள். இடையில் பஸ் நின்று எங்களை இறக்கிவிட்டால் அன்றைய பாடம் அந்த இடத்தோடு நிற்கும். நாளைக்கு மிச்சத்தைச் சொல்கிறேன் என்று பிள்ளைகளிடம் ஏதாவது சமாளிப்பாள்.

பிள்ளைகள் கொண்டுவந்த முதல் பதிவுகளை அவள் ஸ்டாஃப் ரூமில் போட்டுக் காட்டினாள். நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு மைக்கைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வோம்? வரவேற்போம். பிள்ளைகளும் அதையே செய்திருந்தார்கள். கல்லூரி விழாக்களில் எப்போதும் தொகுத்து வழங்கும் சத்யராஜ் என்ற பையன், "மதிப்பிற்கும் மாண்பிற்கும் உரிய தாளாளர் அவர்களே" என்று தொடங்கி, செயலாளர், முதல்வர், துணை முதல்வர், துறைத்தலைவர் எனப் பட்டங்களோடு ஒவ்வொருவராக வரவேற்று முடித்து, பேட்டி கொடுக்க வந்த டீக்கடைக்காரருக்குப் பொன்னாடையும் போர்த்தியிருந்தான். ஒலிப்பதிவில் பொன்னாடை. கைதட்டல்கூட இருந்தது. அதன்பின் டீக்கடைக்காரர் கொஞ்சம் பேசினார். பிறகு நன்றியுரை.

"இத யாருப்பா கேப்பாங்க?" என்று சுகுணா வகுப்பில் கேட்டாள்.

"கேக்க மாட்டாங்க மேடம். ஆனா பேரு சொல்லலைன்னா கோவிச்சுக்குவாங்க" என்றான் சத்யராஜ். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

அன்றைக்கு அவள் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டாள்: வரவேற்பு வேண்டாம், வந்தவரைப் பேசவிடுங்கள். அந்த வருடம் முழுக்க அவள் நடத்திய பாடத்தை அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். பிள்ளைகளும் மெல்ல மெல்ல அதைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் வராத இடம் தேடி, நிறுத்திவைத்த கல்லூரிப் பேருந்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பேசினார்கள். வியர்வையில் குளித்து வெளியே வந்தார்கள். வெட்டக் கற்றுக்கொண்டார்கள். முதலில் சொந்தப் பேச்சை வெட்டினார்கள். அது பெரிய விஷயம், எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே பலருக்கு வராது.

அந்த வகுப்பில் கோகிலவாணி என்று ஒரு பெண். வாயைத் திறக்கவே யோசிப்பாள். அவள் தன் அம்மா ராமக்காவையே பேட்டி எடுத்து வந்தாள். காரிமங்கலம் பக்கத்தில் மேட்டு நிலம் வைத்துத் தக்காளி போடுகிற குடும்பம். சுகுணா அதை வகுப்புக்குக் கூடப் போடாமல் முதலில் எனக்குத்தான் பஸ்ஸில் போட்டுக்காட்டினாள்.

விலை விழுந்த ஒரு நாளில் கூடை கூடையாக ஏற்றிப்போன தக்காளியை மண்டியில் யாரும் சீந்தவில்லை. திருப்பி எடுத்துவர வண்டி வாடகைக்குக் கட்டாது. ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார்கள். ராமக்கா இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோலச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். "கொட்டிட்டு வூட்டுக்கு வந்துட்டோங்க" என்றார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. ஒரு கோழி கேறியது. தூரத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள். கோகிலவாணி அடுத்த கேள்வி கேட்கவில்லை, காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து ராமக்கா மறுபடி பேசினார். "சாயந்தரம் கொழம்பு வெக்கலாம்னு பாத்தா வூட்ல தக்காளி இல்லீங்க. ஒண்ணுகூட இல்ல. மறுபடியும் நடந்து போனேன். நாங்க கொட்டுனதுலயே நல்லதாப் பாத்து நாலு பொறுக்குனேன். அந்தப் பக்கமா வந்த ஒருத்தரு, ஏம்மா, யாரோ கொட்டுனதப் போயி பொறுக்கறயேன்னாரு. எங்களுதுதாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மடியில கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. நடந்து திரும்பி வந்தோம். வெயிலில் வேர்க்க விறுவிறுக்க நடந்தபோதும் சுகுணாவின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "இதுக்குத்தான் சசி இத்தனை நாளாத் தொண்டையக் கிழிச்சுக்கிட்டேன்" என்றாள்.

ஆண்டு விழாவில் மாணவர் பாட்காஸ்ட் ஒன்றை ஒலிபரப்பலாம் என்று முதல்வர் சொன்னபோது, கோகிலவாணியுடையதுதான் தேர்வானது. அதற்குள் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. அடுத்த வருடம் தமிழ்ப் பாட நேரம் குறைகிறது, துறையில் ஒருவருக்கு ஆர்டர் வராது. அந்த ஒருவர் யார் என்று தமிழ்த் துறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகுணா வீட்டில் பையன் எட்டாவது படிக்கிறான். கோவிந்தன் வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் தூங்குவதையும் விட்டுவிட்டாள்.

விழாவுக்கு முன்பு திருமால் சார் பாட்காஸ்டைக் கேட்டார். நான் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டார், அதைச் சொல்லவேண்டும். முடிந்ததும் மூக்கை உறிஞ்சினார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"நல்லாருக்குங்க மேடம். ஆனா தாளாளர் முன்வரிசையில ஒக்காந்திருப்பாரு. எடுத்த எடுப்புல ஒரு பேரும் வரல. முதல்வரும் கேப்பாரு, யாரு இதுக்குப் பொறுப்புன்னு."

"மேடையில எப்படியும் வரவேற்புரை இருக்கும்ல சார். இதுல எதுக்குங்க?"

"அது மேடை. இது காலேஜு சேனல்ல போடறது. காலத்துக்கும் நிக்கும்." குரலைத் தாழ்த்தினார். "ஆர்டர் பேப்பரு இப்பத்தான் மேல போயிருக்குது. இந்த நேரத்துல எதுக்குங்க வம்பு?"

பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. கோகிலவாணியின் பதிவு ஏற்கெனவே பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. வரவேற்புக்குப் பட்டங்களோடு ஒன்றரை நிமிடம் வேண்டும். எதையாவது எடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் குரல் மேலும் கீழுமாகக் கோடு கோடாக ஓடியது. ஓரிடத்தில் மட்டும் நீளமாகத் தட்டையாகக் கிடந்தது. திருமால் சார் அதன்மேல் விரலை வைத்தார். "இந்தா, இங்க ஒண்ணுமே இல்லையே. இங்க இருந்து எடுத்துடுங்க. அதுக்கடுத்து வர்ற அழுவாச்சியும் விழாவுல வேண்டாம். கொட்டிட்டு வந்துட்டோம்னு சொன்னதோட முடிச்சாலே நல்லா நிக்குது."

சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்தது. ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் ஆர்டர் வரவேண்டுமே, நானும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகளைச் செய்யச் சொல்லாமல் அவளே வெட்டினாள். கோழி போயிற்று, மோட்டார் போயிற்று, அந்த நாலு தக்காளி போயிற்று. சத்யராஜைக் கூப்பிட்டு வரவேற்புரை பேசச் சொன்னாள். அவன் கரும்பலகை இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பேசினான். ஒரே தடவையில் சரியாக வந்தது. ஒட்டுப்போட்ட இடமும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகத் தொழிலைக் கற்றிருந்தாள்.

விழாவுக்கு ராமக்கா வந்திருந்தார். அலமாரியில் மடித்து வைத்திருந்த புடவை, தலை நிறையக் கனகாம்பரம். பாட்காஸ்டைப் போட்டார்கள். சத்யராஜின் குரல் அரங்கம் முழுக்க முழங்கியது. தாளாளர் தன் பெயர் வந்தபோது தலையை அசைத்தார். மேடையில் அவரை அப்போதுதான் வரவேற்று முடித்திருந்தார்கள், ஆனாலும் அசைத்தார். பிறகு ராமக்காவின் குரல். "கொட்டிட்டு வூட்டுக்கு வந்துட்டோங்க" என்றது. உடனே இசை வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கோகிலவாணி தட்டவில்லை. திரும்பிச் சுகுணாவைத் தேடினாள்.

சாப்பாட்டுப் பந்தலில் ராமக்காவே எங்களிடம் வந்தார். சுகுணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லாருந்துச்சுங்க டீச்சர். ஆனா நான் மறுபடியும் போனது வரலீங்களே."

"நேரம் பத்தலைங்கக்கா" என்றாள் சுகுணா. குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

"ஆமாங்க. பெரியவங்க பேரெல்லாம் சொல்லணுமில்லீங்க." அவர் குத்திக்காட்டவில்லை, மனசார ஒத்துக்கொண்டுதான் சொன்னார். பிடித்த கையை விடாமல், "அத நான் எங்க வூட்டுக்காரருகிட்டகூடச் சொன்னதில்லீங்க. பாப்பாதான் சொல்லும்மா, உன் குரல்லயே எல்லாரும் கேக்கட்டும்னு சொல்லிச்சு. அதான் சொன்னேன்" என்றார். பிறகு பாயசம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் சுகுணா அழுதாள். இரண்டு பேரும் அழுதோம் என்று சொன்னால்தான் சரி. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கேட்காமல் முன்னால் போய், அப்புறம் திரும்பி வந்து கேட்டார்.

மே கடைசியில் ஆர்டர் வந்தது. அவளுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. தமிழ்த் துறையில் வேறொருவருக்கு வரவில்லை. வாழ்த்துச் சொன்னேன், தலையாட்டினாள்.

ஜூனில் புதிய பிள்ளைகள் வந்தார்கள். என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவில் ஒரு தடுப்புதான், எல்லாம் கேட்கும். முதல் நாளே யாரோ ஒரு பெண் கேட்டாள், பாட்காஸ்டை எப்படி மேடம் ஆரம்பிக்கணும் என்று. நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரும்பலகையில் அவள் அந்தப் பழைய வரியை எழுதுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. ஃபிளாஸ்க் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"மொதல்ல ஒன்றரை நிமிஷத்த வரவேற்புக்குன்னு எடுத்து வெச்சுடுங்க" என்றாள் சுகுணா, தேய்ந்துபோன அந்தக் குரலில். "மிச்சம் இருக்கற எட்டரை நிமிஷத்துக்கு மட்டும் ஆளப் பேச விடுங்க. அப்பத்தான் அவங்க சொன்னத அப்புறம் வெட்ட வேண்டியிருக்காது."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.